டிஸ்கவுண்ட் கார்டு வாங்கினால் மகளின் பல் கிளிப் செலவு குறையுமா?

டெக்சாஸிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிட்டு, கடிதத்தின் சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய மகளுக்கு 12 வயது. பற்களுக்கு கிளிப் போட வேண்டும் என்று ஆர்த்தோடான்டிஸ்ட் (பல் வரிசையைச் சீராக்கும் மருத்துவர்) சொல்லியிருக்கிறார். இரண்டு வருட சிகிச்சை, மொத்தம் 5,800 டாலர். கணவர் ஒரு சிறிய கன்சல்டிங் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். அங்கே கிடைக்கும் டென்டல் இன்சூரன்ஸில் பல் சுத்தம் செய்வது, அடைப்பது எல்லாம் உண்டு, கிளிப்புக்கு எதுவும் இல்லை. மாதம் 30 டாலர் கூடுதலாகக் கட்டினால் உயர்நிலைத் திட்டத்துக்கு மாறலாம். அதில் கிளிப் செலவில் பாதி கிடைக்கும், ஆனால் வாழ்நாள் உச்சவரம்பு 1,500 டாலர்தான். இந்த நேரத்தில் ஒரு தோழி டென்டல் டிஸ்கவுண்ட் கார்டு பற்றிச் சொல்லியிருக்கிறார். குடும்பத்துக்கு வருடம் 160 டாலர், “60 சதவீதம் வரை சேமிப்பு” என்று விளம்பரம். “5,800 டாலர் 2,300 ஆகிவிடுமே! இருக்கிற இன்சூரன்ஸையும் நிறுத்திவிட்டு இந்தக் கார்டையே வாங்கிவிடலாமா? அடுத்த மாதமே கிளிப் போட்டுவிடலாம் என்று பார்க்கிறோம். கோடை விடுமுறையில் சென்னைக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தால் இன்னும் மலிவு என்று என் சித்தி சொல்கிறார்கள். எது சரி?” என்று கேட்கிறார். கிளினிக்கில் ஒரு மெடிக்கல் கிரெடிட் கார்டும் எடுக்கச் சொன்னார்களாம், 24 மாதத்துக்கு வட்டி இல்லை என்று. கடைசியில், “சாப்பிடும்போது கீழ்ப்பல் மேல் அண்ணத்தில் குத்துகிறது, சில நாள் புண்ணாகிவிடுகிறது என்கிறாள்” என்று ஒரு வரி.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி அந்தக் கடைசி வரிதான். பணக் கேள்விக்குப் போவதற்கு முன் அதைப் பேசிவிடுகிறேன். பணக் கேள்விக்கே அதில் ஒரு பதில் இருக்கலாம்.

அண்ணத்தில் புண் என்பது அழகுப் பிரச்சினை அல்ல

மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களை அளவுக்கு மீறி மூடிக்கொண்டு, கீழ்ப்பல்லின் முனை அண்ணத்துச் சதையில் போய்ப் பதிவதை டீப் பைட் என்கிறோம். எல்லா டீப் பைட்டும் புண்ணாகாது. உங்கள் மகளுக்குப் புண்ணாகிறது என்றால், பல் வரிசை அழகாக இல்லை என்பதற்காக மட்டும் நாம் கிளிப் போடவில்லை. சதை சேதமாகிறது என்பதற்காகப் போடுகிறோம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அமெரிக்காவில் சில திட்டங்கள் “மருத்துவ ரீதியாக அவசியம்” என்று நிரூபிக்கப்பட்ட கிளிப் சிகிச்சைக்கு மட்டும் பணம் தருகின்றன. கீழ்ப்பல் அண்ணத்தைப் புண்ணாக்குவது, அப்படி அவசியம் என்று பல இடங்களில் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் நிலைகளில் ஒன்று. தனியாக வாங்கும் மருத்துவ இன்சூரன்ஸிலும் சிறு நிறுவனங்கள் தரும் மருத்துவ இன்சூரன்ஸிலும் 19 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளின் பல் மருத்துவம் அத்தியாவசியப் பலன்களில் ஒன்றாகச் சட்டத்தில் இருக்கிறது. உங்கள் கணவர் வேலை பார்ப்பது சிறிய நிறுவனம் என்பதால் டென்டல் இன்சூரன்ஸை மட்டும் பார்க்காதீர்கள். மருத்துவ இன்சூரன்ஸ் அட்டையின் பின்னால் இருக்கும் எண்ணுக்கும் போன் செய்து, “குழந்தைகளுக்கான டென்டல் இதில் இருக்கிறதா, மருத்துவ ரீதியாக அவசியமான ஆர்த்தோடான்டிக்ஸ் அதில் சேருமா” என்று கேளுங்கள். இருக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது, கிடைத்தாலும் நிபந்தனைகள் கடுமையாகவே இருக்கும். ஆனால் பத்து நிமிடப் போன் இது. வருமானம் குறைந்த குடும்பங்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை: மெடிக்கெய்ட் என்ற அரசு மருத்துவ இன்சூரன்ஸில் உள்ள 21 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு, மருத்துவ ரீதியாக அவசியம் என்றால் கிளிப் சிகிச்சையும் உண்டு.

புண் இருக்கும் நாளிலேயே வாயைத் திறக்கச் சொல்லி போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். மருத்துவர் பார்க்கும் நாளில் புண் ஆறியிருக்கும், பதிவில் ஏறாது. நான் பார்த்த பிள்ளைகளில் பலருடைய கதை அதுதான்.

கார்டு இன்சூரன்ஸ் அல்ல

இப்போது கார்டுக்கு வருவோம். டிஸ்கவுண்ட் பிளான் உங்களுக்காக யாருக்கும் ஒரு டாலர்கூடக் கட்டாது. வருடச் சந்தா கட்டி உறுப்பினர் ஆகிறீர்கள். அந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கும் மருத்துவர், உறுப்பினர்களுக்குக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறார். குறைத்த கட்டணம் முழுவதையும் நீங்களே நேராக அவரிடம் கட்ட வேண்டும். கிளெய்ம் கிடையாது, உச்சவரம்பு கிடையாது, பெரும்பாலும் காத்திருப்புக் காலமும் கிடையாது. இவை உண்மையான வசதிகள், அதை மறுக்கவில்லை.

ஆனால் “60 சதவீதம் வரை” என்பதில் “வரை” என்ற சொல்லைக் கவனியுங்கள். பெரிய சதவீதங்கள் பொதுவாகப் பல் சுத்தம் செய்தல், எக்ஸ்ரே, பரிசோதனை போன்ற சிறிய வேலைகளுக்கு. கிளிப் மாதிரி ஸ்பெஷலிஸ்ட் வேலைக்கு நான் அடிக்கடி பார்ப்பது 20 சதவீதத்தை ஒட்டிய சலுகைதான். எனவே 5,800 என்பது 2,300 ஆகாது. 4,640 ஆகலாம்.

இன்னொன்று, 20 சதவீதம் எதிலிருந்து? அந்தக் கிளினிக்கின் “வழக்கமான கட்டணத்திலிருந்து”. அந்தத் தொகையை முடிவு செய்வது கிளினிக்தான். ஒரு தகப்பனார் எங்கள் மேஜை மீது இரண்டு தாள்களை விரித்து வைத்தது நினைவிருக்கிறது. ஒன்றில் வழக்கமான கட்டணம் 6,400, கார்டுச் சலுகை 1,280, கட்ட வேண்டியது 5,120. அந்த 1,280-ஐப் பேனாவால் வட்டமிட்டு வைத்திருந்தார், அவ்வளவு சந்தோஷம். இன்னொரு தாள் அதே சாலையில் வேறொரு மருத்துவர் கொடுத்தது. கார்டே இல்லை, சலுகையும் இல்லை, மொத்தம் 4,900. இரண்டு தாளிலும் இருந்தது ஒரே மாதிரியான சிகிச்சை, ஒரே காலம். எவ்வளவு குறைத்தார்கள் என்பதை விட்டுவிட்டுக் கடைசி வரியில் என்ன எண் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள் என்று அவரிடம் சொன்னேன். உங்களுக்கும் அதையேதான் சொல்வேன். முதலில் இரண்டு மூன்று ஆர்த்தோடான்டிஸ்ட்களைப் பாருங்கள். முதல் ஆலோசனைக்குப் பலர் பணம் வாங்குவதில்லை. மருத்துவரை முடிவு செய்துவிட்டு, அவர் எந்தக் கார்டை ஏற்கிறார் என்று கேட்டு, அப்புறம் கார்டை வாங்குங்கள். கார்டை வாங்கிவிட்டு அதை ஏற்கும் மருத்துவரைத் தேடுவது தலைகீழ்.

இருக்கிற இன்சூரன்ஸை நிறுத்துவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கிளிப் போட்ட பிள்ளைக்குப் பல் இடுக்கில் உணவு தங்கும், சொத்தை வர வாய்ப்பு அதிகம். சுத்தம் செய்யவும் அடைக்கவும் அந்த இன்சூரன்ஸ் இந்த இரண்டு வருடத்தில்தான் மிகவும் பயன்படும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

நீங்கள் எழுதிய எண்களையே எடுத்துக்கொள்கிறேன். கார்டில் 20 சதவீதம் கிடைத்தால் சேமிப்பு 1,160 டாலர். சிகிச்சை இரண்டு வருடம், சந்தாவும் இரண்டு வருடம், அதாவது 320. கையில் நிற்பது 840.

உயர்நிலை இன்சூரன்ஸ் என்றால் கிடைப்பது 1,500. 24 மாதத்துக்குக் கூடுதல் பிரீமியம் 720. கையில் நிற்பது 780. ஆனால் மருத்துவர் அந்த இன்சூரன்ஸின் நெட்வொர்க்கில் இருந்தால் கட்டணமே ஒப்பந்த விலைக்கு இறங்கும். அப்போது இன்சூரன்ஸ் முந்திவிடும்.

தாளில் இரண்டும் கிட்டத்தட்ட சமம்தான். வித்தியாசம் உங்கள் கணவரின் வேலையில் இருக்கிறது. இன்சூரன்ஸ் அந்த 1,500-ஐ முதல் நாளே கொடுத்துவிடாது. சிகிச்சை நடக்க நடக்கத் தவணையாகத்தான் தரும். நடுவில் வேலை மாறினால் மீதித் தவணை நின்றுவிடும், அந்தத் தொகை உங்கள் தலையில் விழும். புதிய நிறுவனத்தின் இன்சூரன்ஸ் ஏற்கெனவே தொடங்கிய சிகிச்சையை ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். ஒரு வருடம் காத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இப்போதைய உயர்நிலைத் திட்டத்தில் இருக்கிறதா என்றும் நீங்கள் எழுதவில்லை, பாருங்கள். கன்சல்டிங் வேலையில் இரண்டு வருடம் ஒரே இடம் என்று உறுதியில்லை என்றால், கார்டு பக்கம் தராசு கொஞ்சம் சாயும். இரண்டையும் ஒரே பில்லில் சேர்த்து வைக்கலாம் என்று நினைக்காதீர்கள், பெரும்பாலான கிளினிக்குகள் ஒன்றைத்தான் ஏற்கும்.

ஆனால் கார்டையும் இன்சூரன்ஸையும்விடப் பெரிய சேமிப்பு ஒன்று உங்கள் கடிதத்தில் எங்குமே இல்லை. எஃப்எஸ்ஏ. கணவரின் நிறுவனத்தில் ஃப்ளெக்ஸிபிள் ஸ்பெண்டிங் அக்கவுண்ட் இருக்கிறதா என்று இன்றைக்கே கேட்கச் சொல்லுங்கள். வரி பிடிப்பதற்கு முன்பே சம்பளத்திலிருந்து பணத்தை ஒதுக்கி மருத்துவச் செலவுக்குப் பயன்படுத்தும் கணக்கு இது, கிளிப் செலவும் அதில் சேரும். 2026-க்கு உச்சவரம்பு 3,400 டாலர். உங்கள் வருமானம் 22 சதவீத வரிப்படியில் இருந்தால், அதோடு சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தம் 7.65 சதவீதமும் மிஞ்சும். டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை, அதனால் கணக்கு எளிது: ஏறக்குறைய 30 சதவீதம். கார்டுச் சலுகைக்குப் பிறகு நீங்கள் கட்டும் 4,640-ஐயும் இரண்டு வருட எஃப்எஸ்ஏவில் பிரித்துக் கட்டினால் சுமார் 1,375 டாலர் வரி மிச்சம். கார்டு தருவது 840. இது கார்டோடும் சேரும், இன்சூரன்ஸோடும் சேரும். நீங்கள் உண்மையில் கட்டிய தொகைக்கு மட்டும்தான் கேட்க முடியும், அவ்வளவுதான்.

வருடத்துக்கு என்று ஒதுக்கிய முழுத் தொகையும் முதல் நாளிலிருந்தே எடுக்கக் கிடைக்கும் என்பது இன்னொரு வசதி. முன்பணம் கட்டுவதற்கு அது மிகவும் உதவும். அதேபோல் ஒதுக்கியதைச் செலவழிக்காவிட்டால் போய்விடும், நிறுவனம் அனுமதித்தால் ஒரு சிறு பகுதியைத்தான் அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகலாம். கிளிப் செலவு முன்கூட்டியே தெரிந்த தொகை என்பதால் இந்த ஆபத்து உங்களுக்குக் குறைவு. எச்எஸ்ஏ என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கு வைத்திருந்தால் சாதாரண எஃப்எஸ்ஏ கூடாது, பல்லுக்கும் கண்ணுக்கும் மட்டுமான எஃப்எஸ்ஏ எடுக்கலாம். அல்லது எச்எஸ்ஏ பணத்திலிருந்தே கட்டலாம்.

இதனால்தான் அடுத்த மாதமே போட்டுவிட வேண்டும் என்ற அவசரம் வேண்டாம் என்கிறேன். இன்சூரன்ஸ் மாற்றவும் எஃப்எஸ்ஏ தொடங்கவும் பெரும்பாலான நிறுவனங்கள் இலையுதிர் காலத்தில்தான் வாய்ப்புத் தருகின்றன, ஜனவரியில் அது நடைமுறைக்கு வருகிறது. ஜனவரி வரை பொறுத்தால் சிகிச்சைக்குக் கெடுதலா என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். அதுவரை அண்ணத்தில் புண் மோசமாகாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதையும் கேளுங்கள். கெடுதல் என்று அவர் சொன்னால் பணக் கணக்கை ஒதுக்கிவிட்டுத் தொடங்குங்கள். கையெழுத்துப் போட்டு கிளிப் ஒட்டிய பிறகு கார்டு வாங்கினால் பயன் இல்லை, பல திட்டங்கள் நடந்துகொண்டிருக்கும் சிகிச்சைக்குச் சலுகை தருவதில்லை.

கையெழுத்துக்கு முன் எழுதி வாங்க வேண்டியவை

வாயால் சொன்னது போதாது. கிளினிக்கின் தாளில் இவை இருக்க வேண்டும்.

மொத்தத் தொகையில் என்னென்ன அடக்கம்: எக்ஸ்ரே, ஸ்கேன், மாதாந்திரக் கம்பி முறுக்குதல், கழன்ற பிராக்கெட்டை ஒட்டுவது, கிளிப் கழற்றுவது, அதன் பிறகு பல் நகராமல் பிடித்து வைக்கும் ரிட்டெய்னர். ரிட்டெய்னரைத் தனியாக வசூலிக்கும் இடங்கள் உண்டு. பிள்ளைகள் அதைப் பள்ளிச் சாப்பாட்டுத் தட்டோடு குப்பையில் போட்டுவிடுவார்கள், அதனால் இரண்டாவது ரிட்டெய்னரின் விலையையும் கேளுங்கள். பல் பிடுங்க வேண்டியிருந்தால் அது வேறு மருத்துவர், வேறு பில். கார்டு அங்கேயும் செல்லுமா?

கார்டின் சந்தா நடுவில் தவறினாலோ, மருத்துவர் அந்தத் திட்டத்திலிருந்து விலகினாலோ, ஒப்புக்கொண்ட விலை கடைசிவரை நிற்குமா? இந்தக் கேள்வியைக் கேட்கத் தவறியதால் இரண்டாம் வருடத்தில் தவித்த குடும்பங்களை எனக்குத் தெரியும். மருத்துவர் பட்டியலையும் முழுதாக நம்பாதீர்கள். விலகிப் போய் இரண்டு வருடம் ஆனவர்களின் பெயரும் அதில் இருக்கும். கிளினிக்குக்கே போன் செய்து, “ஆர்த்தோடான்டிக்ஸுக்கு இந்தக் கார்டை இப்போது ஏற்கிறீர்களா” என்று கேளுங்கள். பொதுவாகக் கார்டை ஏற்கிறோம் என்பது வேறு, கிளிப்புக்கு ஏற்கிறோம் என்பது வேறு.

கார்டு கம்பெனியைப் பற்றியும் ஒன்று. டெக்சாஸில் இப்படிப்பட்ட திட்டங்களை நடத்துபவர்கள் மாநில இன்சூரன்ஸ் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும், அங்கே கேட்டுச் சரிபார்க்கலாம். பல மாநிலங்களில் சேர்ந்த 30 நாளுக்குள் ரத்து செய்தால் சந்தாவைத் திருப்பித் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. போனில் அழைத்து “இது இன்சூரன்ஸ் மாதிரிதான்” என்று யாராவது விற்றால் அங்கேயே வைத்துவிடுங்கள்.

அந்த மெடிக்கல் கிரெடிட் கார்டைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். “24 மாதம் வட்டி இல்லை” என்பது பல கார்டுகளில் வட்டியைத் தள்ளிவைப்பதுதான். கெடு முடியும் நாளில் ஐம்பது டாலர் பாக்கி இருந்தாலும் முதல் நாளிலிருந்து சேர்ந்த வட்டி முழுவதும் வந்து விழும். கிளினிக்கே தரும் தவணைத் திட்டத்தைக் கேளுங்கள். முன்பணம் போக மீதியை மாதத் தவணையில் வட்டியில்லாமல் வாங்கிக்கொள்ளும் கிளினிக்குகள் நிறைய இருக்கின்றன. மொத்தமாகக் கட்டினால் குறைப்பார்களா என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். நம் ஆட்கள் காய்கறிக் கடையில் பேரம் பேசுவார்கள், மருத்துவரிடம் பேசக் கூச்சப்படுவார்கள். இங்கே கேட்பதில் தவறே இல்லை, யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

சித்தி சொல்வது

சென்னையில் மிகத் திறமையான ஆர்த்தோடான்டிஸ்ட்கள் இருக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சிக்கல் தூரத்தில் இருக்கிறது. கிளிப்பை ஒட்டுவது ஒரு நாள் வேலை. அதன் பிறகு நான்கிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்துக் கம்பியை மாற்றி மாற்றிப் பல்லை நகர்த்துவதுதான் சிகிச்சை, அது இரண்டு வருடம். அங்கே ஒட்டிக்கொண்டு இங்கே தொடரலாம் என்றால், இங்குள்ள மருத்துவர் புதிதாகப் பரிசோதித்துப் புதிதாகக் கட்டணம் போடுவார். சிலர் ஏற்கவே மாட்டார்கள். டீப் பைட் போன்ற கடினமான நிலையில் இடைவெளி விழுந்தால் பல் போகக் கூடாத இடத்துக்குப் போய்விடும். குடும்பமாக ஊருக்கே திரும்பப் போகிறீர்கள் என்றால் அது வேறு பேச்சு. இதே காரணத்துக்காகத் தபாலில் வரும் அலைனர்களும் (பல்லை நகர்த்தும் பிளாஸ்டிக் உறைகள்) உங்கள் மகளுக்கு வேண்டாம். 2023 டிசம்பரில், இப்படி அலைனர் விற்ற ஸ்மைல் டைரக்ட் கிளப் என்ற நிறுவனம் மூடப்பட்டபோது சிகிச்சையின் நடுவில் நின்ற நோயாளிகளை யாரும் கேட்கவில்லை.

மலிவு வேண்டும் என்றால் சென்னையைவிடப் பக்கத்தில் ஒரு வழி இருக்கிறது. டாலஸில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல் மருத்துவக் கல்லூரி, ஹூஸ்டனிலும் சான் அன்டோனியோவிலும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவக் கல்லூரிகள். மூன்றிலும் ஆர்த்தோடான்டிக்ஸ் மேற்படிப்புக் கிளினிக் உண்டு. சிகிச்சை செய்பவர் பல் மருத்துவம் முடித்து மேற்படிப்பில் இருப்பவர், மேலே அனுபவமுள்ள பேராசிரியர் பார்த்துக்கொள்கிறார். பொதுவாகத் தனியார் கிளினிக்கைவிடக் கட்டணம் குறைவு. அதிக நேரம் காத்திருக்க வேண்டும், நடுவில் படிப்பு முடிந்து மருத்துவர் மாறுவார், பள்ளி நேரத்தில் போக வேண்டிவரும். இதற்கெல்லாம் வீட்டில் ஒருவர் தயாராக இருந்தால், நான் இங்கேதான் முதலில் போன் செய்வேன். எடுத்தவுடன் இடம் கிடைக்காது, பெயரைப் பதிந்து வையுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது மூன்று போன்கள்தான். மருத்துவ இன்சூரன்ஸுக்கு ஒன்று, கணவரின் எச்ஆருக்கு எஃப்எஸ்ஏ பற்றி ஒன்று, உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் பல் மருத்துவக் கல்லூரிக்கு ஒன்று. கார்டு கம்பெனிக்கு அடுத்த வாரம் பேசலாம். அந்தப் புண் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால் மட்டும் எதற்கும் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.